இருபதடிக் காவலர்

எழுமலை பஸ் நிலையத்தில் விருமாண்டி இருபதடி உயரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஃபிளெக்ஸின் உச்சியில் 'பெண் கல்வியின் பெருங்காவலர்'. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழ அளவில், மகள் பாண்டீஸ்வரியின் முகம். பிளஸ் டூவில் ஐந்நூற்று எழுபத்தொன்று வாங்கியவள் அவள், வாழ்த்து அப்பாவுக்கு.

அதே கைகள் அன்று காலை வீட்டில் பெல்ட்டைக் கழற்றின. அவளுக்கு மதுரையில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. அன்று மாலை நான்கு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். சான்றிதழ்கள் பீரோவுக்குள். சாவி விருமாண்டியின் இடுப்பில்.

"படிச்சது போதும்டி. இதுக்கு மேல படிச்சா எவன் கட்டுவான்?"

"எவனும் கட்ட வேணாம்ப்பா. நான் போறேன்."

முதுகில் ஏழு அடி விழுந்தது. குறுக்கே வந்த அம்மா சோலையம்மாளைச் சுவரில் தள்ளியதில் அவள் புருவம் கிழிந்தது. மகளின் முகத்தை மட்டும் அவர் தொடவில்லை. பதினோரு மணிக்கு ஊர்ச் சங்கத்தின் பாராட்டு விழா. பொதுவாழ்வில் இருப்பவர் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

யோசிக்காத ஒன்றும் இருந்தது. போன வருடம் எவனோ போலி மார்க் ஷீட்டைக் காட்டிச் சங்கத்தின் ஷீல்டை வாங்கிப் போயிருந்தான். அதிலிருந்து செயலாளர் நல்லகாமன் ஒரிஜினலைப் பார்க்காமல் பரிசு தருவதில்லை.

"உங்க மகதேன் மாமா, இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று போனில் சொன்னார். விருமாண்டியே பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தார்.

மேடையில் அரைமணி நேரம் முழங்கினார். "பெண் பிள்ளைகளின் படிப்பைத் தடுப்பவன் கையை ஒடிக்க வேண்டும்!" விசில் பறந்தது.

நல்லகாமன் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஃபைலைப் பாண்டீஸ்வரியிடமே நீட்டினார். கூடவே ஷீல்டு, தேக்கும் பித்தளையுமாக இரண்டு கிலோ, அதிலும் அப்பாவின் படம். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு நேராக மேடைப் படியை நோக்கி நடந்தாள்.

"ஃபைலக் குடுடி."

"நாலு மணிக்குள்ள போகணும்ப்பா. வாரேன்."

சடையைப் பிடித்து இழுத்து அறைந்தார். மைக்கை யாரும் அணைக்கவில்லை. உதடு பிளந்து ரத்தம் ஃபைலில் சொட்டியது. அவருடைய வலது கை ஃபைலைப் பற்றியிருந்தது. அந்த மணிக்கட்டில் அவள் ஷீல்டை இறக்கினாள். பிடி விடவில்லை. மறுபடியும் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தத்தை மைக் தெருமுனை வரைக்கும் கொண்டுபோனது.

முன்வரிசைக்காரர்கள் எழுந்தார்கள், செல்போனை உயர்த்திப் பிடிக்க. கிழிந்த புருவத்தோடு கூட்டத்தைப் பிளந்து வந்தவள் சோலையம்மாள் ஒருத்திதான்.

"வழிய விடுங்கய்யா! எம் மக காலேஜுக்குப் போறா!"

மூன்றே முக்கால் மணிக்குக் கல்லூரி அலுவலகத்தில் ரத்தக்கறை படிந்த ஃபைலை வாங்கி வைத்தார்கள்.

மறுநாள் பஸ் நிலையத்தில் புது ஃபிளெக்ஸ். 'பெண் கல்விக்காகத் தன் கையையே தந்த பெருங்காவலரே, விரைவில் நலம் பெறுக!' படம் பழையதுதான். இரண்டு கைகளாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

வீட்டில் விருமாண்டி மாவுக்கட்டுக் கையோடு பெல்ட்டை மாட்டப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. "ஏய் சோலை!" என்று கத்தினார். மூன்று தடவை கத்தின பிறகுதான், நேற்று மகளோடு மதுரை பஸ்ஸில் அவளும் ஏறிப் போனது நினைவுக்கு வந்தது.