தேட ஆளில்லாதவரின் சாட்சி

உயிர் பிழைத்தவனுக்கு ஒரு தொல்லை உண்டு. பிழைத்த கதையைப் போகிற இடமெல்லாம் சொல்ல வேண்டும். மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கும் ஐஸ் அண்ணனுக்கு அந்தத் தொல்லை வந்து ஒரு மாதமாகிறது. பால் கடையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், முடிவெட்டுகிறவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டபோதும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிற கிறிஸ்தவ சபையில் மட்டும் எழுந்து நின்று இன்னும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, கடைசிப் பெட்டிகளைச் சரிபார்க்க உள்ளே போனார். கதவின் உள்பக்கக் கைப்பிடியில் பனி கட்டிக்கொள்ளும். அதைத் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் தொண்டை வறளக் கத்தி இதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். அன்றைக்குப் பார்த்து அவரே மறந்துபோனார். கைப்பிடி இம்மியும் அசையவில்லை. போன் வெளியே மாட்டியிருந்த சட்டைப் பையில். தட்டினார், உதைத்தார், கத்தினார். அந்தக் கதவுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. கை கால் மரத்து, பெட்டிகளுக்கு நடுவே அவர் சுருண்டு உட்கார்ந்த பிறகு, காவலாளி வந்து திறந்தார்.

காவலாளிக்குக் கிடங்கில் 'இஞ்சி' என்று பெயர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. வணக்கம் வைத்தால்கூடக் கடன் கேட்ட மாதிரி முறைப்பார். ஐஸ் அண்ணனும் அவரும் இத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை.

போதகருக்கு விஷயம் எட்டியதும் மறுவாரப் பிரசங்கத்துக்குக் கவலையில்லாமல் போயிற்று. "அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத காவலாளிய, அன்னைக்கு மட்டும் கர்த்தருடைய தூதன் கழுத்தப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தான்" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. ஐஸ் அண்ணனும் சொன்னார். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று அவரே நம்பினார்.

ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்கிறவர் குடும்பத்தோடு முன்னால் வந்து நிற்க வேண்டும். சாட்சி முடிந்ததும் போதகர் எல்லோர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். ஐஸ் அண்ணனுக்கு மனைவி தவறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. அத்தனை குடும்பங்கள் நின்ற இடத்தில் ஒற்றைப் பனைமரமாகப் போய் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. "அடுத்த வாரம் ஐயா, அடுத்த வாரம்" என்று போதகரிடம் நழுவிக்கொண்டே இருந்தார்.

வெட்கம் மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றை நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாவிட்டால் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை பெட்டி எடுக்க வருகிற லாரிக்காரர்தான் தன்னைப் பார்ப்பார். அதுவரை தன்னைத் தேட இந்தப் பூமியில் ஒரு ஆளில்லை. குளிரைவிட அதுதான் எலும்பில் இறங்கியது, இன்னும் இறங்கியே இருக்கிறது. தினமும் முழங்காலிட்டு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பிப்பார். அடுத்த வார்த்தை வராது. "பொழைக்க வெச்சீங்க, சரி. யாருக்காக?" என்றுதான் வரும். மனைவி போன நாளிலிருந்தே ஆண்டவரோடு அவருக்கு இந்த வழக்கு நடக்கிறது.

கடைசியில் போதகர் நாளைக் குறித்தே விட்டார். வேறு வழியில்லாமல் ஐஸ் அண்ணன் தங்கச்சிக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமையாண்ணே? மாமியாருக்கு மூட்டு வலி, விட்டுட்டு நகர முடியாது. போன்ல காட்டுவாங்களா? காட்டினா பாக்கறேன்."

"பாரும்மா" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மானம் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காவலாளியின் கூண்டு வாசலில் போய் நின்றார். உயிரைக் காப்பாற்றியவர், கூட வந்து நின்றால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"நாளைக்கு எங்க சபைக்கு வர முடியுங்களா? சும்மா என் பக்கத்துல நின்னா போதும். அன்னைக்கு உங்களத் தூதன்தான் கூட்டிட்டு வந்தான்னு போதகர் சொல்றார்."

இஞ்சி முறைத்தார். "என்னை எவனும் கூட்டிட்டு வரல. நான் தினம் வர்றவன்தான்."

"தினமுமா?"

"நீங்க பூட்ஸ் மாட்டிக்கிட்டு செருப்ப வெளிய விட்டுட்டுத்தான உள்ள போறீங்க. மெயின் கேட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி வந்து பாப்பேன். செருப்பு இல்லேன்னா ஆள் வீட்டுக்குப் போயாச்சு. அன்னைக்கு இருந்துச்சு. தொறந்தேன்."

"எல்லாருக்கும் இப்படிப் பாப்பீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? மத்தவங்க கொஞ்சம் லேட்டானா வீட்டுலேருந்து இங்க போன் போட்டு உசுர வாங்கிடுவாங்க. உங்க வீட்டம்மாவும் அப்படித்தான். கெளம்பிட்டாரா, கெளம்பிட்டாரான்னு தினமும் கேப்பாங்க. கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, கோவப்படுவாருன்னு வேற சொல்லுவாங்க." இஞ்சி தொண்டையைச் செருமினார். "அவங்க போனதுக்கப்புறம் உங்களுக்குன்னு ஒரு போனும் வர்றதில்ல. சரி, நாமதான் பாத்துக்கணும்னு பாத்தேன். நாளைக்கு எனக்கு டியூட்டி. வர முடியாது."

ஐஸ் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இஞ்சி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதகரின் தூதனுக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால் ஆண்டவர் முன்னால் பொய்.

போதகர் அழைத்தார். தனியாகத்தான் நடந்து போனார். "குடும்பத்துல யாரும் வரலையா?" என்று போதகர் காதோரம் கேட்டார்.

"இல்லைங்க ஐயா."

மைக்கைப் பிடித்தார். கதவு, பனி, உதைத்தது, கத்தியது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதையும் அவர் சொல்லவில்லை.

"தூதன் அன்னைக்கு மட்டும் வரலைங்க" என்றார். "அந்தக் காவலாளி, என் வீட்டுக்காரி போன நாள்லேருந்து தினமும் என்னைப் பாத்துட்டுத்தான் பூட்டியிருக்கார். எனக்குத் தெரியாது. என்னைத் தேட ஒரு ஆளில்லைன்னு ஆண்டவர்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே தினமும் நான் வீட்டுக்குப் போனேன். அப்பவும் எனக்குப் பின்னாடி ஒரு ஆளை அனுப்பிக்கிட்டே இருந்திருக்கார்."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த ஒரு நாளைக்கு நன்றி சொல்லத்தான் நான் தயாராகிட்டு வந்தேன். மத்த நாளுக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க."

போதகர் கை வைக்க மறந்து நின்றார். குடும்பங்கள் நிற்கிற அந்த இடத்தில் ஐஸ் அண்ணன் தனியாக நின்று அழுதார். மனைவியை அடக்கம் பண்ணிய அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுததில்லை.