பச்சை தெரிகிறதா?

...இல்லை, இழுத்தேன், உள்கயிற்றை இழுத்துவிட்ட ஞாபகம் இருக்கிறது, அது விரலில் அழுந்தியதுகூட ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்று காலையிலா, இல்லை போன வாரம் மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தபோதா... விமானம் ஏறிக்கொண்டே இருக்கிறது, காது அடைக்கிறது, முதுகில் பாராசூட் பையோடு ஒருவர் முழங்கால் இன்னொருவர் மேல் இடிக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறோம், இந்த நேரம் பார்த்தா வர வேண்டும் இந்தச் சந்தேகம்? வரும், வராமல் இருந்தால்தான் அதிசயம். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிற ஜென்மம் நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி சினிமாவில் எழுந்து வீட்டுக்கு ஓடியவள். வீட்டில் எனக்குப் பெயரே செக்கிங்தான். செக்கிங் முடிந்ததா, கிளம்பலாமா என்பார் வீட்டுக்காரர், மகளும் சேர்ந்துகொண்டு சிரிப்பாள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அடுப்பு எரிந்துகொண்டிருந்ததா, பூட்டு திறந்து கிடந்ததா? ஒரு தடவைகூட இல்லை. அப்படியென்றால் இதுவும் அந்த ரகம்தானே, பேசாமல் உட்காரடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அடுப்பு என்றால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். இதை எங்கே போய்ப் பார்ப்பது, முதுகில் அல்லவா இருக்கிறது? குட்டிக் குடை என்று நான் சொல்வது, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது, குதித்த பிறகு நாம் கையால் காற்றில் வீச வேண்டியது, அது காற்றில் உப்பி, பையை மூடியிருக்கிற ஊசியைப் பிடுங்கிப் பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும். பெரியது விரிந்ததும் குட்டிக்கு வேலை இல்லை, இரண்டையும் இணைக்கிற நாடாவுக்குள் ஓடுகிற ஒரு கயிறு அதைச் சுருக்கித் தூங்க வைத்துவிடும். அடுத்த தடவை மடித்து வைக்கும்போது அந்தக் கயிற்றை இழுத்து அதை எழுப்பிவிட வேண்டும். எழுப்பினால் நாடாவில் இருக்கும் சின்ன ஜன்னலில் பச்சை நூல் தெரியும், எழுப்பாவிட்டால் தெரியாது, அவ்வளவுதான் விஷயம், சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். எழுப்பாமல் குதித்தால்? வீசினாலும் கிழிந்த துணி மாதிரி பின்னால் அடித்துக்கொண்டு வரும், எதையும் இழுக்காது. நான் இன்றைக்குத்தான் முதல் தடவையாக, பக்கத்தில் யாரும் இல்லாமல், நானே மடித்தேன். மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர். நகவெட்டி எங்கே என்று கேட்டார். உயிர் போகிற அவசரம் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை நகம் வெட்டாவிட்டால் உலகம் நின்றுவிடும். கண்ணாடி மேசையின் இரண்டாவது இழுப்பறை, இல்லை, அதற்குக் கீழே, சீப்புக்குப் பின்னால்... போனை வைத்துவிட்டு எந்த இடத்திலிருந்து தொடர்ந்தேன்? பெரிய துணியை மடிப்பதிலிருந்து. அதற்கு முன்னால் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் போனை எடுத்தேனா? அந்த இடத்தில் மட்டும் மனசு வெறும் சுவராக இருக்கிறது.

மாஸ்டரிடம் சொல்லலாம். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், என்னோடு சேர்ந்து குதிக்கப் போகிறவர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். ஆனால் கீழேயே மார்புப் பட்டையை இரண்டு தரம் பார்க்கச் சொன்னேன், ஹெல்மெட் வாரை ஒரு தரம். என்னைப் போலவே புதிதாகக் கற்றுக்கொள்கிற அந்தத் தாடிக்காரன், அக்காவுக்கு ஒரு தனி மாஸ்டர் வேணும் போல என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். இந்த இடத்துக்கு நான் வந்ததே எதற்காக? பிறந்தநாளுக்கு மகள் விளையாட்டாகக் காசு கட்டி அனுப்பினாள், ஒருவர் என்னைத் தன்னோடு கட்டிக்கொண்டு குதித்தார், குதித்தது பெரிதாகத் தெரியவில்லை, குதிப்பதற்கு முன்னால் அந்த மனிதர் ஒவ்வொரு கொக்கியாக இழுத்து இழுத்துப் பார்த்தாரே, கீழே ஒரு தரம், மேலே ஒரு தரம், கதவுக்குப் பக்கத்தில் ஒரு தரம், யாருமே சிரிக்கவில்லையே, அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. உலகத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறதா என்று இருந்தது. அங்கேயும் போய் நான் செக்கிங் என்று பெயர் வாங்க வேண்டுமா? இரண்டாவது பாராசூட் வேறு இருக்கிறதே, முதலாவது சரியில்லை என்றால் அதை இழுத்துக்கொள்ளலாம், பாடத்தில் எத்தனை தரம் செய்து காட்டினேன்... தரையில் நின்று செய்து காட்டினேன். பின்னால் அடித்துக்கொண்டு வருகிற அந்த நாடாவில் இரண்டாவது பாராசூட் போய்ச் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்றும் அதே பாடத்தில்தான் சொன்னார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணாடியைப் போட ஆரம்பித்தார்கள்.

நான் கையை நீட்டி மாஸ்டரின் முழங்காலைத் தட்டினேன். என்னவென்று குனிந்தார். இயந்திரச் சத்தத்தில் அவர் காதுக்குள் கத்த வேண்டியிருந்தது.

"குட்டிக் குடைய எழுப்பினேனான்னு ஞாபகம் இல்ல மாஸ்டர்."

சிரிப்பார் என்று நினைத்தேன், அதெல்லாம் எழுப்பியிருப்பீங்க என்பார் என்று நினைத்தேன், வீட்டில் இருபது வருடமாக அதைத்தானே கேட்கிறேன். அவரோ முதுகைத் திருப்பச் சொல்லிச் சைகை காட்டினார். பையின் மடிப்பைத் தூக்குவது முதுகில் தெரிந்தது. இவ்வளவு நேரமா பார்ப்பார்கள்? ஒரு நூல் தெரிகிறதா இல்லையா என்று பார்க்க இவ்வளவு நேரமா? பிறகு மடிப்பை மூடி என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"பச்ச இல்லக்கா. நீங்க குதிக்க வேண்டாம். நாம ரெண்டு பேரும் விமானத்துலயே எறங்கிடலாம்."

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை என் பக்கம் காட்டாமல், கீழேயே தான் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றும், ஊசியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டதாகவும் சொன்னார். அதற்குள் தாடிக்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். தாடியைச் சொறிந்தான், அப்புறம் மெதுவாகத் திரும்பி முதுகை மாஸ்டர் பக்கம் காட்டினான். என்னோடதையும் கொஞ்சம் பாத்துடுங்களேன் என்றான். அவனுடையதில் பச்சை இருந்தது. கதவைத் திறந்தார்கள், குளிர்காற்று முகத்தில் அறைந்தது, ஒவ்வொருவராகப் போனார்கள், அவனும் போனான், போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். கதவை மூடியதும் விமானம் திடீரென்று பெரிய வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்பாடா. எவ்வளவு சுகமாக இருக்கிறது, காலை நீட்டி உட்காரலாம், இடுப்பு வாரைப் போட்டாயிற்று, பாராசூட்டின் அவசரக் கைப்பிடிகள் எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி இரண்டு கையாலும் மூடிக்கொள்ளச் சொன்னார், மூடிக்கொண்டேன், நெஞ்சில் கை வைத்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. மாஸ்டர் முன்னால் போய் விமானியிடம் மெதுவாக இறக்கச் சொன்னார். வேகமாக இறங்கினால் பைக்குள் இருக்கிற கருவி நாம் விழுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பாராசூட்டைத் தானாகவே திறந்துவிடுமாம், விமானத்துக்குள்ளேயே. அதுவும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது, பாவம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதற்குச் சந்தேகம். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, மாஸ்டர் பார்த்தார், பயத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்திருப்பார், பரவாயில்லை. மேகம் சின்னச் சின்னதாகப் பக்கத்தில் போனது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது, பிழைத்துவிட்டேன், நானே என்னைப் பிழைக்க வைத்துவிட்டேன், இன்றைக்கு ராத்திரி சாப்பிடுவேன், தூங்குவேன், நாளைக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய் வழக்கம்போல லென்ஸ் தேய்ப்பேன், இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம்.

சக்கரம் தரையைத் தொட்டது. பாராசூட்டை மறுபடி மடித்து வைத்துவிட்டு அடுத்த தடவை விமானம் ஏறும்போது போகலாமா, இல்லை இன்றைக்குப் போதுமா என்று மாஸ்டர் கேட்டார். போகலாம் என்றேன், யோசிக்காமல் வந்துவிட்டது. தைரியம்தான்க்கா உங்களுக்கு என்றார். தைரியமா? புல்லில் நடந்து வரும்போது வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன், பச்சை இல்லை என்று மாஸ்டர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும், மகளும் இருந்தால் நல்லது... அப்போதுதான் கால் தானாக நின்றது. பச்சை இல்லை என்று காதில் விழுந்ததும் எனக்கு என்ன தோன்றியது? பயமா? இல்லை. நல்லவேளை என்றா? அதுவும் இல்லை, அது அப்புறம் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட இல்லாத சந்தோஷம், பார்த்தீர்களா, நான் சொன்னேனா இல்லையா என்று. குதித்திருந்தால் செத்துக்கூடப் போயிருக்கலாம் என்று ஒருவர் என் காதில் சொல்கிறார், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மாஸ்டர் முன்னால் போய்க்கொண்டே, வாங்கக்கா என்று திரும்பிக் கூப்பிட்டார். நான் நின்ற இடத்திலேயே, பச்சை தெரிந்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.