எடுக்காத ஆயிரத்து ஐந்நூறு

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் மாதா கோயிலின் நிலக்கீழ் மண்டபத்துக்கு இறங்கியிருந்தார்கள். அன்று தேநீர் ஊற்றும் முறை மாக்கிரட்டுக்கு. கடதாசிக் குவளைகளை நிரப்பிக்கொண்டு நின்றவளுக்குப் பக்கத்தில் ஜெயனி ரோல்ஸ் தட்டோடு வந்து நின்றாள்.

"மாக்கிரட் அக்கா, றொசானாவுக்கு எஸ்.ஏ.டி றிசல்ற் வந்திட்டுதாமே? எத்தினை?"

வந்திருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் அந்தப் பரீட்சைக்கு மொத்தம் ஆயிரத்து அறுநூறு புள்ளி. மகள் எடுத்தது ஆயிரத்து நூற்றெண்பது. அவள் ஆசைப்பட்டது ஏரிகளையும் ஆறுகளையும் ஆராயும் படிப்பு. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வேர்மொண்டில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் குறைந்தது ஆயிரத்து முந்நூறு எதிர்பார்த்தது. கணிதத்தில் றொசானாவுக்குக் குறையில்லை. பாலர் வகுப்பிலிருந்து பிரெஞ்சிலேயே படித்த பிள்ளையை ஆங்கில வாசிப்புப் பகுதிதான் காலை வாரிவிட்டது.

இதையெல்லாம் விளக்கிச் சொல்ல மாக்கிரட்டுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"ஆயிரத்து ஐந்நூறு" என்றாள்.

"ஐயோ மாதாவே! கெட்டிக்காரி!" என்று ஜெயனி அவளைக் கட்டிப்பிடித்தாள். பங்குச் சபைத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை தூரத்திலிருந்தே கையைத் தூக்கி வாழ்த்தினார். மாக்கிரட்டுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. புவாண்ட்-கிளேர் தொழிற்சாலையில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலையில் யாரும் அவளை இப்படிப் பாராட்டியதில்லை.

அந்தச் சந்தோஷம் பார்க் எக்ஸ்டென்ஷன் குடியிருப்பில் மூன்றாம் மாடி ஏறி வீட்டுக் கதவைத் திறக்கும் வரைக்கும்தான். செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. றொசானா ஃபோனும் கையுமாக நடுவீட்டில் நின்றாள்.

"அம்மா, ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்ன செய்யிறது பிள்ளை, எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. எப்பிடியும் அடுத்தமுறை எடுக்கத்தானே போறாய்."

"நான் ஆயிரத்து ஐந்நூறு எடுக்கத் தேவையில்லை. ஆயிரத்து முந்நூறு காணும். அதுக்கு என்ன செய்யோணும் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் எனக்காக வெக்கப்படாதேங்கோ, எனக்கு வெக்கமில்லை."

அவள் கோபத்தோடு பேசவில்லை. அதுதான் மாக்கிரட்டை என்னவோ செய்தது.

உண்மையில் றொசானா சோர்ந்துபோகவே இல்லை. முன்பு தனியார் வகுப்பொன்றில் கட்டுக் கட்டாகக் கொடுத்த வினாத்தாள்களையெல்லாம் செய்து முடித்தும் புள்ளி ஏறாததால், அந்த வகுப்பையே விட்டுவிட்டாள். இப்போது கணினியில் ஒரு மாதிரிப் பரீட்சை செய்தால், அதில் பிழைத்த கேள்விகளோடு நாள் கணக்காக இருந்தாள். மாக்கிரட்டுக்கு அது விளங்கவில்லை.

"செய்து பிழைச்சதையே திருப்பித் திருப்பிப் பாத்து என்ன பிரயோசனம்? புதுசா ஒண்டைச் செய்யன்."

"ஏன் பிழைச்சது எண்டு தெரியாமப் புதுசு செய்தா, அதே பிழையைப் புதுசா விடுவன் அம்மா" என்று றொசானா சிரித்தாள்.

புதன்கிழமை மாலை செபஸ்தியாம்பிள்ளை ஃபோன் எடுத்தார். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு இளையோரைக் கூட்டியிருப்பதாகவும், ஆயிரத்து ஐந்நூறு எடுத்தது எப்படி என்று றொசானா அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றும் கேட்டார். மாக்கிரட் ஏதேதோ சாட்டுச் சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"சுகமில்லை எண்டு சொல்லிப் போகாம நிப்பம்" என்றாள் மகளிடம்.

றொசானா தன் ஃபோனை நீட்டினாள். ஜெயனியின் மகள் ஜெசிக்கா அனுப்பியிருந்த குரல் பதிவு. அழுகைக்கு நடுவில் பிரெஞ்சும் தமிழுமாகக் கேட்டது.

"நான் ரெண்டு தரம் எழுதியும் ஆயிரம் தாண்டேல்லை. அம்மா ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவ. நீ முதல் தரத்திலேயே ஆயிரத்து ஐந்நூறாம். இப்ப அம்மா சோறு போடேக்கையும் உன்ரை பேர்தான். எனக்கு மூளை காணாது, றொசானா. நான் இனி எழுதேல்லை, காலேஜும் விடப்போறன்."

மாக்கிரட் கதிரையில் அமர்ந்துவிட்டாள். தான் சொன்ன பொய் தன் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது இன்னொருத்தி வீட்டுச் சோற்றுக் கோப்பைக்குள் போய் விழுந்திருந்தது. குழந்தையாக இருந்தபோது மாக்கிரட்டின் மடியில் இருந்து சாப்பிட்டு, அவள் உடுப்பெல்லாம் பால்சோறாக்கிய பிள்ளை ஜெசிக்கா.

"நான் அவளுக்கு என்ரை உண்மையான மாக்ஸைச் சொல்லலாம்" என்றாள் றொசானா. "ஆனா நீங்கள் சொன்னதை நீங்கள்தான் எடுக்கோணும் அம்மா."

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் முன்வரிசையில், பெற்றோர் பின்னால். ஜெசிக்காவை ஜெயனி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. செபஸ்தியாம்பிள்ளை ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடை பங்கின்ரை ஆயிரத்து ஐந்நூறு, றொசானா!" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது.

றொசானா எழுவதற்கு முன் மாக்கிரட் எழுந்தாள். நடந்துபோய் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"அது பொய். என்ரை பிள்ளை சொன்ன பொய்யில்லை, நான் சொன்னது. அவள் எடுத்தது ஆயிரத்து நூற்றெண்பது. நான் பெருமைக்காகக் கூட்டிச் சொன்னனான். அதாலை இஞ்சை இருக்கிற பிள்ளையள் ஆரும் தங்களைக் குறைவா நினைச்சிருந்தா, என்னை மன்னியுங்கோ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது உடனே அடங்கியது. ஜெசிக்கா தலையை நிமிர்த்தியிருந்தாள்.

றொசானா வந்து தாயின் தோளில் கைவைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தாள்.

"சரி, ஆயிரத்து நூற்றெண்பதிலை இருந்து ஆயிரத்து முந்நூறுக்கு எப்பிடிப் போகப்போறன் எண்டு சொல்லுறன்" என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். "நான் பிழை விட்ட கேள்வியளை மூண்டாப் பிரிச்சன். தெரியாமப் பிழைச்சது, அவசரத்திலை பிழைச்சது, கேள்வியே விளங்காமப் பிழைச்சது. எனக்கு அதிகம் இருந்தது கடைசி வகைதான். நாங்கள் பிரெஞ்சிலை படிச்ச ஆக்கள். அது மூளைக் குறைவில்லை, வாசிப்புக் குறைவு. இப்ப ஒவ்வொரு நாளும் மெற்றோவிலை ஒரு இங்கிலீஷ் கட்டுரை வாசிக்கிறன். வாசிச்சு முடிச்சு, எழுதினவர் என்ன சொல்ல வாறார் எண்டு ஒரு வசனத்திலை எனக்கே சொல்லிப் பாக்கிறன்."

"ரெண்டாம் பகுதி சரியான கஷ்டமா வருமே?" ஜெசிக்காதான் கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வரும். முதல் பகுதியை நல்லாச் செய்தாத்தான் கொம்பியூட்டர் அந்தக் கஷ்டமானதைத் தரும். அதைக் கண்டா, 'ஓ, நான் நல்லாத்தான் செய்திருக்கிறன்' எண்டு நினை. விளங்காத கேள்வியிலை நிண்டு மல்லுக்கட்டாதை. ஒரு விடையைப் போட்டிட்டு அங்காலை போ, நேரம் இருந்தாத் திரும்பி வா."

"எனக்குத் தொள்ளாயிரத்து எழுபது" என்றாள் ஜெசிக்கா, எல்லோருக்கும் கேட்க. ஜெயனியின் முகம் சிவந்தது. ஆனால் அடுத்த கதிரையிலிருந்து இன்னொரு பிள்ளை தன் புள்ளியைச் சொன்னது. பிறகு இன்னொன்று. ஆயிரத்து ஐந்நூறு ஒருவருக்கும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து றொசானாவும் ஜெசிக்காவும் வேறு சில பிள்ளைகளும் அந்த மண்டபத்திலேயே கூடிப் படித்தார்கள். ஒருவர் விட்ட பிழையை மற்றவர் விளக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. பனி கொட்டிய நாட்களிலும் யாரும் வராமல் நிற்கவில்லை.

வசந்தத்தில் மறுபடி எழுதினார்கள். றொசானா ஆயிரத்து முந்நூற்று இருபது எடுத்து, விரும்பிய படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஜெசிக்கா ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தாள். காலேஜை விடுவது பற்றி அவள் பிறகு வாயே திறக்கவில்லை. இலையுதிர் காலத்தில் இன்னொரு தரம் எழுதப்போவதாக அவளே ஜெயனிக்கு அறிவித்தாள்.

புள்ளிகள் வந்த வாரச் சனிக்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் மண்டப வாசலில் காத்து நின்றார்கள். ஜெயனி மெதுவாக மாக்கிரட்டின் கையைப் பிடித்தாள்.

"அண்டைக்கு நீங்கள் எழும்பிச் சொல்லாட்டி, என்ரை பிள்ளையை நான் துலைச்சிருப்பன் அக்கா."

மாக்கிரட் சுற்றி நின்றவர்களையும் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பிள்ளையளின்ரை மாக்ஸ் எங்கடை கழுத்துச் சங்கிலி இல்லை, நாலு பேருக்குப் போட்டுக் காட்ட. குறைஞ்சா மறைக்கிறம், கூட்டிச் சொல்லுறம். பிள்ளை என்ன நினைக்கும்? 'நான் எடுத்தது அம்மாவுக்குக் காணாது, அப்ப நானும் காணாது' எண்டுதான் நினைக்கும். சோதனை கஷ்டம்தான். ஆனா அதைப் பிள்ளையள் படிச்சு வெல்லுவினம். எங்கடை வீண் பெருமையை ஆரும் படிச்சு வெல்லேலாது, அதை நாங்கள்தான் விடோணும்."