நாற்பத்தோரு ஐந்தும் ஓர் ஒன்றும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அண்ணி சாப்பாட்டு மேசையில் வாய் தவறிச் சொன்னது. "இதையும் எழுதித் தொலைக்காதே" என்றார். என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அண்ணி தொழில் உளவியலாளர். வேலை பார்க்கிறவர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று ஆராய்வது அவர் பிழைப்பு. (எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை கிடையாது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில், தொழிற்சாலையின் நெடிய கதவு மெல்லத்...

வேண்டாம். மழையே பெய்யவில்லை.

மருந்துத் தொழிற்சாலை. லேபிள் ஒட்டும் பிரிவில் நாற்பத்திரண்டு பேர். மேலாளருக்குத் 'தங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர். அண்ணி எல்லாருக்கும் கேள்வித்தாள் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று உயிரே போனாலும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார்.

ஏழாவது வரி: 'தவறு செய்துவிட்டால் மேலாளரிடம் தயங்காமல் சொல்வேன்.' நாற்பத்தோரு பேர் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் ஒன்று. கீழே, இடது கைக்காரரின் சாய்ந்த எழுத்தில்: 'செவ்வாய்க்கிழமை குழந்தைங்க சிரப்புல பெரியவங்க லேபிள் ஒட்டிட்டோம். தங்கத்தோட மனசு கஷ்டப்படும்னு யாரும் சொல்லல.'

(இடது கை என் கற்பனை. ஆளைத் தேடக் கிளம்பாதீர்கள்.)

3

அண்ணி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு ஓடினார். விஷயத்தை மட்டும் சொன்னார்.

"யார் எழுதினது?"

"அது சொல்ல முடியாது சார். பெட்டிங்க எங்க இருக்கு, முதல்ல அதைப் பாருங்க."

"நான் திட்டவா போறேன்? பாராட்டத்தான் கேக்குறேன்."

"அப்போ நாப்பத்திரண்டு பேரையும் பாராட்டிடுங்க."

இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே கடைக்குப் போய்விட்டிருந்தன. அடித்துப் பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு புட்டிகூட விற்பதற்குள் நிறுத்தினார்கள்.

4

மறுநாள் மேலாளர் எல்லாரையும் கூட்டினார். என் கதையில், ஒருவர் எழுந்து "நான்தான் எழுதினேன்" என்றார். அடுத்தவரும் எழுந்தார். பிறகு நாற்பத்திரண்டு பேரும்...

அண்ணி படித்துவிட்டு, "நீ பாட்டுக்கு எல்லாரையும் எழுப்பி நிக்க வச்சிட்டே. அங்க ஒருத்தர்கூட அசையல" என்றார்.

நடந்தது இதுதான். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அந்தச் செவ்வாய்க்கிழமையின் சரிபார்ப்புத் தாளை எடுத்தார்.

"இதுல கடைசிக் கையெழுத்து என்னோடது. புட்டியைப் பாக்காமலே போட்டேன். உங்களை நம்பினேன்னு சொல்லிக்கலாம். உண்மையைச் சொன்னா, எனக்குப் பசி."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "லேபிள் சுருளை மாத்திப் போட்டது நான்தான் சார்" என்றாள். (குரல் தழுதழுத்தது என்று எழுதியிருந்தேன். அண்ணி அந்த வரியை அடித்துவிட்டார்.)

5

மூன்று மாதம் கழித்து அதே கேள்வித்தாள். ஐந்து போட்டவர்கள் பத்தொன்பது பேர்தான். ஏழு பேர் இரண்டு போட்டிருந்தார்கள். சின்னச் சின்னத் தவறுகள் முப்பது, வரிசையாக எழுதப்பட்டிருந்தன. தங்கத்தின் முகம் கறுத்துவிட்டது.

"என்ன மேடம், போன தடவை எல்லாரும் என்னை அவ்வளவு நல்லவன்னாங்க."

"போன தடவை மறைச்சாங்க சார். இப்பதான் வாயைத் திறக்குறாங்க. மார்க் குறையறது சில நேரம் நல்ல சேதி."

"அது உங்களுக்குப் புரியுது. தலைமை அலுவலகத்துக்குப் புரியுமா?"

பழைய முடிவு, புதிய முடிவு, ஏதாவது ஒன்றைத் தங்கம் அன்று மாலைக்குள் அங்கே அனுப்பியாக வேண்டும். இரண்டு தாள்களும் மேசையில் கிடந்தன. அண்ணி அந்த இடத்தில் எழுந்து வந்துவிட்டார். தங்கம் எதை அனுப்பினார் என்று அண்ணிக்கும் தெரியாது. கேட்கவும் மாட்டாராம்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் தங்கம் மகானாகிவிட்டார், மற்றதில் வில்லன். இரண்டையும் கிழித்தாயிற்று. உங்களுக்குத் தெரிந்த மேலாளர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். நீங்களே மேலாளர் என்றால், கொஞ்சம் பார்த்து உட்காருங்கள்.