இடது பக்கக் கசிவு

பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி ஜெட்டிக்குப் பின்னால் தமீம் பிரித்துக் கட்டிய மோட்டார் சைக்கிள், தீவைவிட்டுப் போகவேண்டும் என்ற ஆசையை மனிதர்களிடமிருந்து உறிஞ்சிக்கொண்டது. ஏப்ரல் முழுக்கவும் மே பாதி வரைக்கும் அப்படி நடந்தது. அந்த நாட்களில் சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கேட்ட அன்றே கிடைத்தது; தேங்காய் விலையில் மாற்றமில்லை.

அது அறுபத்து நான்காம் வருடத்து இங்கிலீஷ் வண்டி. இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் விட்டுச்சென்றது, உப்புக்காற்றில் இருபது வருடம் கிடந்தது. தமீம் அதை வாங்கியது, அவன் மனைவி அல்மாஸுக்குச் சென்னையிலிருந்து கடிதம் வந்த பிப்ரவரி மாதத்தில். கண் மருத்துவமனை ஒன்றில் கண் பரிசோதனைப் படிப்பு, இரண்டு வருடம், ஜூன் முதல் தேதி சேரவேண்டும். அல்மாஸுக்கு முப்பத்திரண்டு வயது. பாம்பூஃப்ளாட்டில் பிறந்தவள், மெயின்லேண்டைப் பார்த்ததே இல்லை. கடிதம் வந்ததிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே சாப்பிட்டாள்; தொழுது எழுந்தவுடன் பெட்டியைத் திறந்து மூடினாள். போகாதே என்று தமீம் ஒருநாளும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வண்டியைப் பிரித்துப் போட்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டான்.

பிஸ்டனும் வால்வும் ஒழுங்காக அமைந்தன. கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் அலுமினியக் குழாயான மேனிஃபோல்டில்தான் வில்லங்கம். இடது பக்கத்துக் குழாயின் முகம், எந்தக் காலத்திலோ எவனோ போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் வளைந்திருந்தது. தமீம் அதை அப்படியே பூட்டினான். ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் எகிறுவதும் அடங்குவதுமாகத் தவித்தது. ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பின் அருகே காட்டினான். புகை வளைந்து உள்ளே போயிற்று. அப்போது டீயோடு பக்கத்தில் வந்து நின்ற அல்மாஸ், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் அவள் நிம்மதியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாயங்காலமே பெட்டித் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

அடுத்தவன் ஒச்சப்பன், சாத்தம் மர ஆலையில் வேலை பார்ப்பவன். அக்கா அழகம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தீவுக்கு வந்தவன். உசிலம்பட்டிக்கு ஒருதடவை போய்வரப் பதினான்கு வருடமாக லீவு மனு எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தான். ஃபெர்ரி வரும்வரை வண்டியை வேடிக்கை பார்த்தவன், சட்டைப்பையிலிருந்த மனுவை மடித்துக் காது குடைந்தான். "அச்சா தமீமு, இங்கன நமக்கு என்னப்பா கொறச்சல்?" என்றான். பிறகு ராஞ்சி கூலிக்காரர்கள், விசாகப்பட்டினத்து மீனவர்கள், கோட்டயத்து நர்ஸ் ஒருத்தி என்று நாற்பது பேருக்கு மேல் வந்து நின்று, சாந்தமாகத் திரும்பிப் போனார்கள். என்ஜின் மட்டும் நாளுக்கு நாள் அதிகமாகத் தவித்தது. வண்டி ஸ்டாண்டில் நின்றபடியே ஷெட்டுக்குள் இடம் மாறியது.

விஷயம் தமீமுக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. சரிசெய்யத்தான் கை வரவில்லை. மே பதினெட்டாம் தேதி மத்தியானம், மருத்துவமனைக் கடிதம் எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பார்த்தான். "படிப்பு என்னாச்சு புள்ள?" என்று கேட்டான்.

"எந்தப் படிப்பு மச்சான்?" என்றாள் அல்மாஸ். அவள் வருத்தப்பட்டிருந்தால் தேற்றியிருப்பான். ஒன்றுமே இல்லாத அந்த முகத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

மேனிஃபோல்டைக் கழற்றினான். கண்ணாடித் துண்டின்மேல் எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு, வளைந்த முகத்தை வெளிச்சம் நுழையாத மட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தேய்த்தான். இடையில் புதுப் பேக்கிங் அட்டை வெட்டி வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினான். அல்மாஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கிக்கரை உதைத்தான். கசிவில்லாத என்ஜின் ஒருமுறை திணறி, இடது கார்புரேட்டர் வழியாகப் பின்னோக்கித் தும்மியது. சூடான காற்று அல்மாஸின் முகத்தில் அடித்தது.

"இன்னைக்கு என்ன தேதி?"

"பதினெட்டு."

"யா அல்லா! கப்பல் எப்போ?" என்று ஓடப்போனவளைத் தமீம் மறித்து, நடந்ததைச் சொன்னான். அவள் ஸ்டூலை எட்டி உதைத்தாள். "வாயத் தொறந்து போகாதன்னு சொல்லியிருக்கலாம்ல மச்சான்? சண்டையாவது போட்டிருப்பேன்ல!"

அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தும்மிய நேரத்தில் அவன் உள்ளங்கை அந்தக் கார்புரேட்டர் வாயோரத்தில் இருந்தது. அல்மாஸுடையது போக மீதி அத்தனை பேரின் ஆசையும் அவனுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மூன்று நாள் ஷெட்டைச் சுற்றிச்சுற்றி நடந்தான். நான்காம் நாள் கப்பலில் அல்மாஸுக்கு முன்னால் அவன் ஏறினான். வண்டியையும் ஏற்றினார்கள்.

ஹாஸ்டல் வாசலில் அல்மாஸ் திரும்பிப் பார்க்காமல், "எல்லாத்தையும் முடிச்சுட்டு வாங்க," என்றாள். அவள் படித்த இரண்டு வருடமும் அவன் ஓடிக்கொண்டிருந்தான். விசாகப்பட்டினம், ராஞ்சி, கோட்டயம். போயிராத ஊர்களில் எந்தச் சந்தில் திரும்பவேண்டுமென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆசை இறங்கியது. என்ஜின் ஒரே சீராக ஓடியது.

கடைசியாக உசிலம்பட்டி. கதவைத் திறந்த ஒச்சப்பனின் அக்கா அழகம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டு வருசமாடா ஆச்சு?"

"தப்புத்தாக்கா," என்றான் தமீம்.

அவள் வைது முடிக்க அரைமணி நேரமாயிற்று. பிறகு சோறு போட்டாள். பாதி சாப்பாட்டில் அவன் பேரைக் கேட்டாள், தமீம் என்று சொன்னான்.

"சரி, கொழம்பு ஊத்திக்க," என்றாள்.