வேப்பிலை மூடிய மொடா

என் புருஷன் சோலைமுத்துவுக்கு மல்லிகைச் செடி என்றால் உயிர். அதற்கு அப்புறம்தான் நான். இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், அடுப்பங்கரைக் கதவை ஒட்டி ஒரு மொடா இருந்தது. நெல் அவிப்பதற்காக என் அம்மா சீராகக் கொடுத்த பெரிய பானை. அதற்குள் என்ன கிடந்தது என்று சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து கேளுங்கள். திண்டுக்கல் சந்தையில் மீன்காரிகள் ஒதுக்கித் தள்ளிய குடல், செவுள், செதில். தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத் தோலிலிருந்து சுரண்டிப் போட்ட சவ்வு. அதை அள்ளிக் கொடுத்த பக்ருதீன் பாயே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கொடுத்தாராம். அதன்மேல் மாட்டு மூத்திரம், பூசணம் பிடித்த வெல்லம், அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, நான் அரிசி கழுவிய கழுநீர்.

இதெல்லாம் அழுகிக் கரைந்தால் மல்லிகைக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது என்று பிளாக் ஆபீஸ் கிராமசேவக் சொல்லியிருந்தார். தோட்டத்து மூலையில் குழி வெட்டி மூடி வையுங்கள் என்றுதான் அந்த மனுஷன் சொன்னாராம். தோட்டத்தில் வைத்தால் நாய் கிளறிவிடும் என்று இவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். கடுகு வெடித்தாலே குமட்டுகிற நேரம். அந்த மொடாவைக் காலையிலும் சாயங்காலமும் கம்பு விட்டுக் கலக்குவது என் வேலை. கலக்கும்போது அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக மேலே வந்து உடையும். ஓரத்தில் வெள்ளைப் புழு நெளியும். ஒருநாள் ஒன்று கம்பு வழியாக ஏறி என் கட்டை விரலுக்கே வந்துவிட்டது. கலக்குவேன், கிணற்றடிக்கு ஓடுவேன், வாந்தி எடுப்பேன். ஒருவாய்க் கஞ்சி தங்கவில்லை. மருத்துவச்சி என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்படியே கெடந்தா புள்ள தங்காதுத்தா, ஆத்தா வீட்டுக்குப் போயி நாலு வாய் தின்னுட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கே பூ எடுக்க வந்த பூக்காரரிடம், ஆத்தூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். வெள்ளிக்கிழமை வண்டி கட்டி வந்து கூட்டிப்போவதாக என் அண்ணன் உடையப்பன் பதில் சொல்லியனுப்பினான். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துத்தான் நான் கலக்கினேன்.

முதலில் தெருவே நாற்றம் தாங்காமல் எங்கள் வாசலில் வந்து சண்டை போட்டது. அப்புறம் இவர் ஈ மொய்க்காமல் இருக்கட்டும் என்று வேப்பிலைக் கொத்துகளை ஒடித்துவந்து மொடா வாயை மூடினார். அதற்குப் பிறகு ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. ஒருவரும் வரவே இல்லை. தினமும் மாங்காய்ப் பத்தை கொண்டுவந்து தரும் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி மதினியும் வரவில்லை. நாற்றத்துக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டிலிருந்து தாளிக்கிற வாசம்கூட நின்றுபோனது. என் குமட்டலுக்கு அது நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

வெள்ளிக்கிழமை உச்சி சாய்கிற வரை அண்ணன் வரவில்லை. நான் கொல்லையில் கலக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், எட்டி நின்றபடி, முத்துப்பேச்சி மதினி கூப்பிட்டாள்.

"வள்ளி, எந்திரிச்சு நடமாடுறியா? முத்து எறங்கிருச்சா? தண்ணி ஊத்தியாச்சா?"

எனக்குப் புரியவில்லை. "என்ன தண்ணி மதினி?"

"ஆத்தா வந்த ஒடம்புத்தா, வெயில்ல நிக்காத. உங்கண்ணன் இப்பத்தான் வண்டியோட வந்துச்சு. வாசல்ல வேப்பிலையப் பாத்துட்டு அப்பிடியே நின்னுருச்சு. நாந்தான் சொன்னேன், அம்மை போட்டிருக்கு, ஆத்தா வந்திருக்கா, உள்ள போகாதீகன்னு. பாவம், கண்ணத் தொடச்சுக்கிட்டே திரும்பிப் போச்சு."

நான் கம்பை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளே ஓடி வாசலுக்குப் போனேன். நிலையின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து சொருகியிருந்தது. கிணறும் கொல்லையில், வாந்தியும் கொல்லையில். வாசல் பக்கம் நான் எட்டிப் பார்த்தே எத்தனையோ நாளாயிற்று.

இவர் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். "வாசல்ல இத யாரு வச்சது?" என்றேன்.

"நாந்தேன்."

"எதுக்கு?"

"மொடாவுல வேப்பிலையப் பாத்துட்டு, வீட்ல ஆத்தாவான்னு முத்துப்பேச்சி கேட்டுச்சு. நான் ஆமான்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை." அவருக்குச் சிரிப்பு வேறு. "தெருவே மல்லுக்கு நின்னுச்சுல்ல? இப்ப ஒருத்தன் மூக்கப் பொத்துறானா பாரு. அதான் வாசல்லயும் ரெண்டு கொத்து வச்சேன்."

"எங்கண்ணன் வண்டி வந்துச்சே, பாத்தீகளா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்தேன். உரம் இன்னும் கொஞ்ச நாள்ல பக்குவத்துக்கு வந்துரும். நீ இப்பப் போயிட்டா யாரு கலக்குறது?"

மொடாவில் நெளிந்த புழுகூட அப்படி என்னைக் கூச வைத்ததில்லை.

தெருவில் வந்து நின்று இதையெல்லாம் கேட்ட முத்துப்பேச்சி மதினி வாயில் அடித்துக்கொண்டாள். "அட நாசமாப் போறவனே! அம்மா பேரச் சொல்லியா? ஒம் பொண்டாட்டிக்காகத் தெருவே எண்ணெய்ச் சட்டி வைக்காம தாளிக்காத வெஞ்சனத்தத் திங்குதேடா!" அவள் போட்ட சத்தத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. கொல்லைக்குப் போய்க் கம்பை எடுத்துவந்து, சொட்டச் சொட்ட அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே கலக்குங்க" என்று சொல்லிவிட்டு, கட்டின சேலையோடு தெருவில் இறங்கி நடந்தேன்.

கண்மாய்க் கரையில் அண்ணன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பதறிப் பின்னால் போனான். "கிட்ட வராதத்தா! வீட்ல பச்சப் புள்ள இருக்கு!"

"ஆத்தா இல்லண்ணே. மோந்து பாரு" என்று கையை நீட்டினேன்.

மோந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. பாதித் தூரத்திலேயே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. குனிந்து ஓங்கரித்துவிட்டு நிமிர்ந்தான். "மீன் கொடலா?"

நடந்ததைச் சொன்னேன். அவன் மாட்டைப் பூட்டி, எனக்காக வைக்கோலைப் பரப்பினான். வண்டியில் அம்மா கொடுத்தனுப்பிய புளிச்சோறு இருந்தது. கண்மாய் மண்ணைப் போட்டு மாற்றி மாற்றிக் கையைத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை. பசி பொறுக்கவில்லை. அந்தக் கையாலேயே அள்ளிச் சாப்பிட்டேன்.

வண்டி திண்டுக்கல்லைத் தாண்டும்போது பொட்டலத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அண்ணன் துண்டால் மூக்கை மூடியபடியே திரும்பிப் பார்த்தான்.

"கொமட்டலையாத்தா?"

"இல்லண்ணே," என்றேன். "அது அந்த வீட்டோட போச்சு."