ஆறு மணி வானிலை

விண்ணோடு மனிதன் பேசத் தொடங்கிய நாள்தான் நாகரிகத்தின் உச்சம் என்பார் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். அன்று மாலை அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் அந்த விண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு மகள் முதல்முறையாக டிவியில் வானிலை வாசிக்கப்போகிறாள். வீட்டு டிவியிலோ இரண்டு நாளாக எல்லா முகமும் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி.

"முப்பத்திரண்டு வருஷம் அலைகளைப் பத்திப் பாடம் நடத்தினவன்டி நான்!" என்று திசைகாட்டியும் பாகைமானியுமாக மாடியேறிவிட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"அப்படியேதாங்க இருக்கு!" என்று கீழிருந்து மனைவி.

டிஷ்ஷை ஒரு டிகிரி திருப்பினார். அப்படியே. மூன்று டிகிரி. அப்படியேதான். வானமே ஒத்துழைக்கவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தபோது மணி ஐந்தரை.

கழுத்தில் அளவு நாடாவும் கையில் கத்தரிக்கோலுமாகக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்தாள்.

"என்ன சார் பண்றீங்க?"

"சிக்னலைச் சரிபண்றேன்மா. நுணுக்கமான வேலை."

"ரொம்ப நுணுக்கம்தான். அது எங்க டிஷ். எங்க டிவி செத்து ஒரு மணி நேரமாச்சு. உங்களுது அதோ, தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி."

வாத்தியார் பாகைமானியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மகள் விஷயத்தை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டு, திட்டு விழப்போகிறதென்று காத்திருந்தார்.

"நம்ம பாப்பாவா! முதல்லயே சொல்ல மாட்டீங்களா? எங்க டிவி கெடக்கட்டும், நகருங்க."

தொட்டிக்குப் பின்னால் போய், டிஷ்ஷின் மூக்கில் மாட்டியிருந்த கேபிளைக் கழற்றினாள். உள்ளே தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. கத்தரிக்கோலால் நுனியை வெட்டித் தோலுரித்து, மறுபடி மாட்டி முறுக்கி, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினாள்.

"வந்துடுச்சுங்க! பளிச்சுனு!" என்று கீழிருந்து மனைவி கத்தினாள்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரம்மாவைக் கையோடு அழைத்துவந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார். திரையில் மகள், துடைத்துவைத்த மாதிரி. வாத்தியாருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

"படிப்பு வேற, கை வேற. இன்னிக்கு இந்த அம்மா மட்டும் இல்லேன்னா..." பள்ளி ஆண்டுவிழாப் பழக்கம், குரல் நாலு வீட்டுக்குக் கேட்டது.

"சார், பாப்பா பேசுது."

"அவளைப் பார்க்க வெச்சதே நீங்கதானேம்மா!" அதற்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

ஆறேகாலுக்கு மகள் போன் செய்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"பிரமாதம்மா!"

"எந்த இடம் பிடிச்சுது?"

"மழை வரும்னு சொன்னியே, அந்த இடம்."

அன்றைய அறிக்கையில் மழை இல்லை.